படுக்கையைக் காலி செய்வதற்கு முன்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கும், முதியோர் வார்டுக்குப் பொறுப்பான மருத்துவர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளருக்கும்:

முதியோர் வார்டு மாடியில் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் உங்கள் புதிய சுற்றறிக்கையைப் படித்தேன். மருத்துவர் டிஸ்சார்ஜ் என்று எழுதிய நான்கு மணி நேரத்துக்குள் படுக்கையைக் காலி செய்ய வேண்டுமாம். வீட்டுக்குப் போனவர்களைச் செவிலியர் ஒருவர் போனில் கூப்பிட்டு விசாரிக்கும் சேவை இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறதாம். சந்தேகம் இருந்தால் வரவேற்பு எண்ணை அழைக்க வேண்டுமாம். கீழே 'நோயாளிகளின் வசதிக்காக' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். எந்த நோயாளி, என்ன வசதி என்று அங்கேயே நின்று யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும். வேறு மருத்துவமனைக்காரர்கள் யாராவது படித்துவிட்டு இது நமக்கும் பொருந்துகிறதே என்று நினைத்தால், அவர்களுக்கும் சேர்த்து எழுதியதாகவே வைத்துக்கொள்ளலாம்.

என் அப்பாவுக்கு 78 வயது. நிமோனியா வந்து உங்கள் வார்டில் இருந்தார், இதயமும் கொஞ்சம் பலவீனம். அவரைக் காப்பாற்றியது உங்கள் மருத்துவர்கள்தான், சிகிச்சையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளியே அனுப்பிய விதத்தில்தான் குறை.

டிஸ்சார்ஜ் அன்று காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னார்கள். அதன் பிறகு பில், மருந்து, காப்பீட்டு ஒப்புதல், கையெழுத்து என்று ஓடி முடிக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. செவிலியர்கள் ஷிப்ட் மாறும் நேரம். ஒருவர் என் கையில் ஃபைலைக் கொடுத்து, "மாத்திரை எல்லாம் இதுல எழுதியிருக்கு, ரிவியூ தேதியும் இருக்கு, பார்த்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். அதே மேசையில், ஒரு கை தூரத்தில், பக்கத்துப் படுக்கைக்காரரைப் பற்றி வேலை முடிந்து போகிற செவிலியர் வேலைக்கு வந்த செவிலியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, இடது கையில் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறது மாற்ற வேண்டும், மதியத்திலிருந்து சிறுநீர் குறைவு, எழுந்திருக்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், மகள் எட்டு மணிக்கு வருவார் அவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

எட்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளப் போகிற, படித்துப் பயிற்சி எடுத்த ஒருவருக்கு அத்தனை விவரம் தேவைப்படுகிறது. அடுத்த பல வாரம் இரவு பகலாகப் பார்த்துக்கொள்ளப் போகிற, ஒரு பயிற்சியும் இல்லாத எனக்கும் 72 வயது அம்மாவுக்கும் ஒரு ஃபைல் போதும் என்று யார் முடிவு செய்தது? எனக்கு உங்களிடம் இருப்பது அடிப்படையில் இந்த ஒரு கேள்விதான். கீழே எழுதியிருப்பதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

முதலில் நடை. அப்பா படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாறினார், வீல்சேரிலிருந்து காருக்கு. உங்கள் கட்டடத்துக்குள் அவர் தன் காலால் பத்தடி நடந்ததை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் வருவதற்கு முந்தைய வாரம் வரை தானாகக் கடைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர், எங்கள் வாசலில் ஒரே ஒரு படியின் முன்னால் நின்று, வலது காலைத் தூக்கப் பார்த்தார், தூக்க முடியவில்லை, இடது காலை முயன்றார், அதுவும் முடியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். படியில் ஏற முடியாது என்ற விஷயம் அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. நானும் ஓட்டுநரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். (பிடிக்கிற விதம் தெரியாமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்கியிருக்கிறோம். அப்படித் தூக்கவே கூடாது, தோள்பட்டைக்கு ஆபத்து என்று பிற்பாடு ஒரு பிசியோதெரபிஸ்ட் சொன்னார். அதை வார்டிலேயே ஐந்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம்.)

இது அப்பாவுக்கு மட்டும் நேர்ந்த விசேஷமும் இல்லை. ஆரோக்கியமாக இருக்கும் முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்த ஓர் ஆய்வு 2007இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அந்த 10 நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சல், தொற்று, பசியின்மை எதுவும் இல்லாதவர்களுக்கே அந்தக் கதி. நிமோனியாவோடு படுத்திருந்தவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் சோதனை 1991லிருந்து இருக்கிறது, 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும், உங்கள் வார்டில் இரண்டும் இருக்கின்றன.

அடுத்தது மருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் நிறுத்தப் போகிற அந்தப் போன் சேவைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு முன்பிருந்தே ஒரு மாத்திரை உண்டு, அம்லோடிபின். உங்கள் மருந்தகத்தில் கொடுத்ததும் அம்லோடிபின்தான், ஆனால் வேறு கம்பெனி, வேறு பெயர், வேறு நிற அட்டை. டிஸ்சார்ஜ் தாளில் புதுப் பெயர் இருந்தது. பழையதை நிறுத்துங்கள் என்று எங்கேயும் இல்லை. அம்மா பழைய டப்பாவில் இருந்ததையும் புதுப் பையில் இருந்ததையும் வேளை தவறாமல் கொடுத்துவந்தார், சொன்னதைச் செய்கிற பழக்கம் அவருக்கு. அப்புறம் சிறுநீர் போவதற்கான மாத்திரை, தாளில் '1-0-1' என்று இருந்தது, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்றுதானே யாரும் படிப்பார்கள்? இரவு அதைப் போட்டுக்கொண்டு படுத்தவர் விடிவதற்குள் திரும்பத் திரும்பக் கழிவறைக்கு எழுந்தார். ஏற்கெனவே இரட்டை மாத்திரையால் ரத்த அழுத்தம் இறங்கிக் கிடக்கிறது, கால்களில் பலம் இல்லை, விளக்குப் போடாமல் இருட்டில் எழுந்து நிற்கிறார். ஓர் இரவு தலை சுற்றிச் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு போனது, இடுப்பு எலும்பு தப்பியது.

மறுநாள் உங்கள் செவிலியரின் போன் வந்தது. விசாரிப்பு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு அவர் பேசியதை நீங்கள் பாடமாகவே வைக்கலாம். "எப்படி இருக்கார்?" என்று கேட்டு, "பரவாயில்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அவர் வைத்துவிடவில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை எல்லாவற்றையும், பழையது புதியது பார்க்காமல், மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கச் சொன்னார். நான் பூதக்கண்ணாடி இல்லாத குறையாகப் படித்துக்கொண்டே வர, ஒரு பெயர் இரண்டாவது தடவை வந்ததும், "நிறுத்துங்க, அதை மறுபடி படிங்க" என்றார். அப்படித்தான் இரட்டை அம்லோடிபின் பிடிபட்டது. மருத்துவரிடம் கேட்டுவிட்டு அன்றே திரும்ப அழைத்துப் பழைய அட்டையை எடுத்துவிடச் சொன்னார். சிறுநீர் மாத்திரையின் இரண்டாவது வேளையையும் மாலை நான்கு மணிக்கு முன்பே கொடுக்கச் சொன்னார். அன்று இரவு அப்பா தூங்கினார், நாங்களும் தூங்கினோம்.

அந்த ஒரு போன் அழைப்பு இருபது நிமிடம் இருந்திருக்கும். அதைத்தான் நிறுத்துகிறீர்கள்.

வீட்டுக்குப் போன நோயாளிகள் 400 பேரைத் தொடர்ந்து விசாரித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2003இல் வெளியானது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சையால் ஏதோ ஒரு பாதிப்பு நேர்ந்திருந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கு மருந்தால் வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துத் தவறுகளைக் குறைக்கும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது, முதன்மையாகக் கவனிக்க வேண்டியவை என்று சொன்ன மூன்றில் ஒன்று, நோயாளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறும் இந்தக் கட்டம்தான். மற்ற இரண்டு, ஆபத்து அதிகமான சூழ்நிலைகளும் ஒரே ஆள் பல மருந்து சாப்பிடுவதும். அப்பாவின் விஷயத்தில் குறைந்தது இரண்டு பொருந்தின.

போன் சேவைக்குப் பதிலாக நீங்கள் தரும் வரவேற்பு எண்ணையும் நாங்கள் முயன்று பார்த்தவர்கள்தான். வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நள்ளிரவில் அப்பா எழுந்து உட்கார்ந்து, "இந்த லாட்ஜைக் காலி பண்ணிட்டு வீட்டுக்குப் போகலாம், கார் வரச் சொல்லு" என்றார். நாற்பது வருடமாகக் குடியிருக்கும் வீடு அது. அம்மாவைப் பார்த்து "இவங்க யாரு?" என்று கேட்டதும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். உங்கள் எண்ணை அழைத்தேன். "உள்நோயாளியா வெளிநோயாளியா?" என்றார்கள். இரண்டும் இல்லை, போன வாரம் டிஸ்சார்ஜ் ஆனவர் என்றேன். வார்டுக்கு இணைத்தார்கள். வார்டில் "அவர் பெயர் இப்ப எங்க லிஸ்ட்ல இல்லைங்க, பயமா இருந்தா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். படியேற முடியாத ஒருவரை, குழம்பிப் போயிருக்கும் நிலையில், நடுராத்திரியில், கண்கூசும் வெளிச்சமும் சத்தமும் உள்ள இடத்துக்கு!

மருத்துவமனையில் தங்கிய முதியவர்களுக்கு இப்படித் திடீர்க் குழப்பம் வருவது சகஜம் என்றும், டெலிரியம் என்று அதற்குப் பெயர் இருக்கிறது என்றும், வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் நீடிக்கலாம் என்றும் பிறகு தெரிந்துகொண்டேன். பகலில் வெளிச்சத்தில் உட்காரவைப்பது, இரவில் தூங்கவிடுவது, கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிடுவது, தெரிந்த முகங்கள் பக்கத்தில் இருப்பது இதெல்லாம் உதவும். அதே நேரம் புதிதாகக் குழப்பம் வந்தால் தொற்று, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், மருந்து என்று காரணம் தேட வேண்டும், தானாகப் போய்விடும் என்று விட்டுவிடவும் கூடாது. இதில் ஒரு வரிகூட உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் இல்லை. தாளில் இருந்ததெல்லாம் ரத்தப் பரிசோதனை எண்கள், ஒன்றரைப் பக்கத்துக்கு.

யேல் பல்கலைக்கழக இதய மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013இல் இந்தக் காலகட்டத்துக்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார், மருத்துவமனைக்குப் பிந்தைய நோய்க்குறித் தொகுப்பு என்று சொல்லலாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, படுத்தே கிடந்து, புது மருந்துகளோடு வீடு திரும்பும் உடம்பு சில வாரங்களுக்கு எதையும் தாங்காத நிலையில் இருக்கிறது, அதனால்தான் பலர் முதலில் சேர்ந்த நோயை விட்டுவிட்டு வேறு ஏதோ காரணத்துக்காகத் திரும்ப வந்து சேர்கிறார்கள் என்கிறார். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களை ஆராய்ந்து 2009இல் வெளியான கணக்குப்படி, ஐந்தில் ஒருவர் 30 நாளுக்குள் திரும்ப அட்மிட் ஆகியிருக்கிறார். அறுவை இல்லாத மருத்துவச் சிகிச்சைக்குப் பின் அப்படித் திரும்பியவர்களில் பாதிப் பேர் இடைப்பட்ட நாட்களில் ஒரு மருத்துவரையும் போய்ப் பார்த்ததாகப் பதிவே இல்லை. நீங்கள் நான்கு மணி நேரத்தில் காலி செய்யும் படுக்கைக்கு அதே ஆள் திரும்பி வந்தால் என்ன லாபம் என்பதை நிர்வாகம் நடத்துபவர்கள் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்காவது ஆள் இருந்தது. எதிர்ப் படுக்கையில் இருந்த ஒரு வயதான அம்மாவிடம் உங்கள் ஆட்கள் கேட்ட கேள்வி என் காதிலேயே விழுந்தது. "வீட்ல பார்த்துக்க ஆள் இருக்காங்களா?" "இருக்காங்க" என்றார். கேட்டவர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அந்த ஆள் யார் என்று நான் சாயங்காலம் பார்த்தேன். அவரைவிட மூத்த கணவர், கைத்தடியோடு வந்தார், மனைவியின் பையைத் தூக்கவே அவரால் முடியவில்லை. வயதானவர்களிடம் அப்படிக் கேட்டால் இருக்கிறார்கள் என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளைச் சிரமப்படுத்தக் கூடாது, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும், இரண்டே எண்ணம்தான் அவர்களுக்கு. யார் குளிப்பாட்டுவார்கள், இரவு யார் கூடப் படுப்பார்கள், மருந்து வாங்க யார் போவார்கள், கழிவறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தனித்தனியாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

படுக்கைத் தட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சரிலேயே காத்திருப்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்னும் நாலு நாள் வைத்திருங்கள் என்று நான் கேட்கவில்லை, வயதானவர்கள் தேவைக்கு மேல் ஒரு நாள் மருத்துவமனையில் இருந்தாலும் தசையும் போகும், தொற்றும் வரும். சீக்கிரம் அனுப்புங்கள், ஒழுங்காக ஒப்படைத்து அனுப்புங்கள். ஆகாத காரியமும் இல்லை இது. பாஸ்டனில் ஒரு மருத்துவமனையில், டிஸ்சார்ஜைக் கவனிக்கவென்றே ஒரு செவிலியர், நோயாளிக்குப் புரியும்படி ஒரு சின்னக் கையேடு, இரண்டு முதல் நான்கு நாளில் மருந்தாளுநரிடமிருந்து ஒரு போன் என்று செய்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். அடுத்த 30 நாளில் அந்த நோயாளிகள் அவசரப் பிரிவுக்கும் வார்டுக்கும் திரும்ப வருவது சுமார் 30 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலம் 2014இல் சட்டமே போட்டது: வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரை நோயாளியின் பதிவேட்டில் எழுத வேண்டும், டிஸ்சார்ஜுக்கு முன்பே அவருக்குச் சொல்ல வேண்டும், வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்து காட்ட வேண்டும். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. உங்களுக்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லையே.

ஆகவே கேட்கிறேன்.

போன் சேவையை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் வீட்டுக்குப் போன மூன்று நாளுக்குள் ஓர் அழைப்பாவது போக வேண்டும், அழைப்பவர் மாத்திரை அட்டைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பவராக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆன முதல் ஒரு மாதத்துக்கு, நோயாளியின் பதிவைத் திறந்து பார்க்கக்கூடிய ஒரு செவிலியர் எடுக்கும் எண் ஒன்று, இரவிலும் வேலை செய்யும் எண்ணாக, வேண்டும்.

அட்மிட் ஆகும் அன்றே வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரின் பெயரைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் உத்தேசம் என்று தெரிந்ததும் முந்தின நாளே அவரை வரச்சொல்லி, ஷிப்ட் மாறும்போது உங்களுக்குள் செய்துகொள்வது போல, படுக்கை அருகில் நின்று ஒப்படையுங்கள். எப்படி எழுப்புவது, எப்படிப் பிடிப்பது, எது நடந்தால் காத்திருக்கலாம், எது நடந்தால் உடனே கிளம்ப வேண்டும். சொன்னதோடு நிற்காமல் எங்களைத் திருப்பிச் சொல்லவும் செய்துகாட்டவும் சொல்லுங்கள். மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது என்பது நீங்கள் படித்த விஷயம்தான், பில் கட்டிவிட்டு மூச்சு வாங்க வந்து நிற்கும் மகளுக்கு இன்னும் அதிகமாகவே மறக்கும்.

மருந்துத் தாள் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில், வீட்டில் படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கட்டும். கம்பெனிப் பெயரோடு மருந்தின் உண்மையான பெயர், எதற்காக, எத்தனை மணிக்கு, எத்தனை நாள். இதோடு 'நிறுத்த வேண்டிய பழைய மருந்துகள்' என்று ஒரு கட்டம் கட்டாயம் வேண்டும், நிறுத்த எதுவும் இல்லை என்றால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். சேரும்போதே வீட்டு மாத்திரைகளை எடுத்துவரச் சொன்னால் இந்த வேலை பாதியாகிவிடும்.

நடந்து பார்க்காமல், ஒரு படியாவது ஏறிப் பார்க்காமல், நடக்க முடிந்த ஒருவரை வீல்சேரில் வைத்து அனுப்பாதீர்கள். முடியவில்லை என்று தெரிந்தால் அதை எங்களுக்குச் சொல்லுங்கள், வாக்கரோ கைப்பிடியோ ஏற்பாடு செய்ய எங்களுக்கு ஒரு நாள் போதும்.

கடைசியாக, அந்த நான்கு மணி நேரம். அதை மருத்துவரின் கையெழுத்திலிருந்து எண்ணாமல், ஒப்படைப்பு முடிந்து நாங்கள் கையெழுத்துப் போட்ட நேரத்திலிருந்து எண்ணுங்கள். தனியாக இருப்பவர்களையும், இன்னொரு முதியவரை மட்டும் நம்பி இருப்பவர்களையும் பொழுது சாய்ந்த பிறகு அனுப்ப வேண்டாம்.

அப்பாவை ரிவியூவுக்கு அடுத்த மாதம் அழைத்து வருகிறோம். அதற்குள் சுற்றறிக்கை பற்றிய உங்கள் பதிலை எழுத்தில் தாருங்கள். கூட்டம் வைத்து எங்களைப் போன்ற குடும்பங்களைக் கேட்க விரும்பினால் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். நானும் அம்மாவும் வருகிறோம், எதிர்ப் படுக்கை அம்மாவின் வீட்டாரையும் கேட்டுவிட்டேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் முதியோர் வார்டிலிருந்து வீடு திரும்பிய ஒருவரின் மகள்